ஏற்றமும் இறக்கமும் சொல்லும் சாட்சி

கண்டி வாவிக் கரையை விட்டு விலகி அம்பிட்டியவை நோக்கி மேலேறும் தெரு, 1893இல் நிறுவப்பெற்ற குருமடத்தால் வெளியூரார்க்கு அறிமுகமானதெனினும், பழைய கார்களைப் பிரியமாய்ப் பேணுவோர்க்கு அது ஒரு பரீட்சைக் களமாகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்த இத்தீவில், 1948இல் பிறந்து 1971இல் உற்பத்தி ஓய்ந்த மோறிஸ் மைனர் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதால், ‘இழுவை இல்லை’ என்ற முறைப்பாடு கராஜ்களில் சர்வசாதாரணம். அதைக் கேட்ட மாத்திரத்தில் எஞ்சினைக் கழற்றவேண்டுமென்று தீர்ப்பளிப்பது அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். கோளாறு மின்சாரத்திலா ஒயிலிலா என்பதை, ஸ்பானரை எடுக்குமுன்பே இத்தெரு பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஏற்றத்தில் அக்சிலரேற்றரை அழுத்துகையில் சிலிண்டருக்குள் அமுக்கம் உயர்வதால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்குக் கூடிய வோல்ற்றேஜ் அவசியமாகிறது. ஆகவே சமதரையில் குறையின்றி ஓடிய கார் ஏற்றத்தில் திடீரென உதறி, பாரம் குறைந்ததும் தெளியுமாயின், சந்தேகம் முதலில் மின்சாரப் பக்கமே செல்லவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்க்கையில், பொயின்ற் முகங்கள் இரண்டில் ஒன்று குழிந்தும் மற்றது மேடிட்டும் இருப்பின், கொண்டென்சரில் பழுதென்று கொள்ளலாம். அம்முகங்கள் விலகி நிற்கும் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்களவே. மூடியின் உட்புறத்தில் மயிரிழையாய் ஒரு கறுத்த கோடு ஓடியிருந்தால், மழைக்கால ஈரத்தில் மின்சாரம் அவ்வழியே கசிந்திருக்கிறது. குளிர்ந்திருக்கையில் நன்றாகக் கிளம்பி, சூடேறிச் சோர்ந்து, சற்று ஆறவிட்டால் மீண்டும் உயிர்பெறும் காரில் கொயிலைப் பரிசோதிக்கவேண்டும்.

இறக்கம் ஒயிலின் கதையைச் சொல்வது. காலை எடுத்துவிட்டு இறங்கும்போது உள்ளிழுப்பு வலுத்து, தேய்ந்த வால்வு கைட்களின் வழியே ஒயிலை உறிஞ்சுமாதலால், வாவிக்கரையை அடைந்து மீண்டும் அழுத்தியவுடன் நீலப்புகை திரளாய்க் கிளம்பும். ஏற்றத்திலும் விடாது நீலமாய்ப் புகைந்தால் ரிங்குகளையே சந்தேகிக்கவேண்டும்.

இரு காரணங்களும் சந்திக்கும் இடம் பிளக். ஒயில் நனைந்த பிளக்கில் தீப்பொறி ஒழுங்காய்ப் பாயாதாகையால், ஒயிலின் குற்றம் மின்சாரத்தின் குற்றமாகவே தோற்றமளிக்கும். கழற்றிய பிளக்கின் நுனி வெளிர்பழுப்பாயிருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கரியாயிருந்தால் பெற்றோல் மிகுதி. கறுத்துப் பிசுபிசுத்தால் ஒயில். பிசுபிசுத்த சிலிண்டரின் அமுக்கத்தை அளந்து, பிளக் துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கையில், அளவு கணிசமாய் உயர்ந்தால் ரிங் தேய்வு. அசையாதிருந்தால் வால்வுகளைப் பார்க்கவேண்டும்.

பலர் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. இக்கார்களிலுள்ள எஸ்.யு. காபரேற்றரின் உச்சியில் இருக்கும் சிறு மூடியைத் திருகி எடுத்தால் அதனுடன் ஒரு தண்டும் வரும். அது நிற்கும் குழாயில் ஒயில் வற்றியிருந்தால், அழுத்தும்போதெல்லாம் எஞ்சின் திணறித் தயங்கும். சிறிதளவு ஒயில் ஊற்றினால் தீரும் அக்குறைக்கு எஞ்சினைப் பிரிக்க என்ன அவசியம்? அந்த மூடியையும் நான்கு பிளக்குகளையும் கராஜ் பாஸுடன் கூடவே நின்று தம் கண்ணால் பார்த்த பின்னரே, காரின் சொந்தக்காரர் எஞ்சினைக் கழற்றச் சம்மதிக்கவேண்டும்.