தானுந்துப் பொறியின் குளிர்நிலைத் தொடக்கம்

தானுந்துப் பொறியின் குளிர்நிலைத் தொடக்கம் என்பது சுற்றுப்புற வெப்பநிலைக்கு முழுதும் ஆறிவிட்ட பொறியை மீண்டும் இயக்குவதைக் குறிக்கும். இங்கு 'குளிர்' என்பது குளிர்காலத்தைக் குறிப்பதன்று. அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டை போன்ற சமவெளி ஊர்களில் மார்கழி விடியலிலும் உறைகுளிர் இல்லை. எனினும் பல நாட்கள் நிறுத்தி வைத்த பழைய எரிபொருள் உட்செலுத்து வகைத் தானுந்து அங்கும் இயங்க மறுப்பதுண்டு. வண்டி ஓடாமல் நின்றதே இதற்கு முதன்மைக் காரணமாகும்.

பின்னணி

செருமனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு உட்செலுத்து முறையை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, மாருதி 800 போன்ற சிறு தானுந்துகளிலும் கார்புரேட்டருக்கு மாற்றாக இம்முறை இடம்பெற்றது. மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆயினும் அக்கால வண்டிகள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

செயற்பாடு

பெட்ரோல் ஆவியான பின்னரே எரியும். ஆறிய பொறியில் அதன் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவர்களில் படிந்துவிடும். இதனை ஈடுசெய்யக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுகிறது. கார்புரேட்டர் வண்டிகளில் ஓட்டுநர் 'சோக்' குமிழை இழுத்து இதனைச் செய்தார். உட்செலுத்து முறையில் குளிர்நீர் வெப்ப உணரி அளிக்கும் தகவலைக் கொண்டு, மின்னணுக் கட்டுப்பாட்டு அலகே உட்செலுத்திகளை அதிக நேரம் திறந்து வைக்கிறது. எனவே தொடக்கத்தின்போது முடுக்கி மிதியை அழுத்த வேண்டியதில்லை.

நின்ற வண்டியின் சிக்கல்கள்

* மின்கலம்: முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். வண்டி நிற்கும்போதும் கடிகாரம், கட்டுப்பாட்டு அலகின் நினைவகம் ஆகியன சிறிதளவு மின்னை இழுக்கின்றன. எரிபொருள் எக்கியும் கட்டுப்பாட்டு அலகும் மின்னால் இயங்குவதால், மின்கலம் முற்றிலும் வெறுமையானால் வண்டியைத் தள்ளினாலும் பொறி இயங்காது.
* அழுத்தம்: எக்கியிலுள்ள ஒருவழி வால்வு தேய்ந்தால், எரிபொருள் குழாயின் அழுத்தம் மெல்லக் குறையும். எச்சரிக்கை விளக்குகள் எரியும் நிலைக்குச் சாவியைத் திருப்பியதும், பெரும்பாலான வண்டிகளில் எக்கி இரண்டொரு நொடிகள் இயங்கும். இவ்வாறு இருமுறை செய்தபின் தொடக்கியைச் சுழற்றினால் அழுத்தம் மீளும்.
* எரிபொருள்: நாளாக ஆக, பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் கூறுகள் குறைகின்றன. 2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய இரப்பர்க் குழாய்களையும் அது பாதிக்கக்கூடும்.

தொடக்கியைத் தொடர்ந்து பத்து நொடிகளுக்கு மேல் சுழற்றாமல், இடையில் அரை நிமிடமேனும் விட்டு மீண்டும் முயல்வது மின்கலத்தையும் தொடக்கியையும் காக்கும். பெட்ரோல் மிகுந்து தீப்பொறிச் செருகிகள் நனைந்துவிட்டால், முடுக்கி மிதியை முழுதும் அழுத்திச் சுழற்றலாம். பல வண்டிகளில் அந்நிலையில் கட்டுப்பாட்டு அலகு பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் உட்செல்ல விடும்.

பாதுகாப்பு

குளிர்நிலையில் பெட்ரோல் மிகுந்த கலவை எரிவதாலும், புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி இன்னும் சூடேறாததாலும், கார்பன் மோனாக்சைடு அதிகமாக வெளியேறும். நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம் குருதி ஆக்சிசனைச் சுமந்து செல்வதைத் தடுத்து உயிரைப் பறிக்கும். ஆகவே மூடிய கொட்டகைக்குள் பொறியை இயக்குதல் கூடாது. கதவு திறந்திருப்பதும் போதிய காப்பாகாது. வண்டியை வெளியே நிறுத்தியே இயக்க வேண்டும்.

நின்ற இடத்திலேயே சில நிமிடங்கள் இயக்கி நிறுத்துவதால், தொடக்கத்தில் செலவான மின் முழுதும் மின்கலத்திற்குத் திரும்புவதில்லை. புகைக்குழாயில் நீரும் தேங்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதே பயனுள்ள பராமரிப்பாகும்.