பழைய கதவு, உடைஞ்ச ஓடு இருக்கா? தூக்கிப் போடாதீங்க! வீட்டை அழகாக்கும் 'பேக்கர்' வழி

வாலிகண்டபுரம்:
பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரம் போன்ற ஊர்களில் ஓட்டு வீட்டைப் பிரித்து மெத்தை வீடு கட்டும்போது பழைய கதவு, நிலை, உத்திரம், ஓடு எல்லாம் வந்த விலைக்குப் போய்விடும். அப்புறம் புது மரம் வாங்கப் போனால் தலை சுற்றும். தள்ளிவிட்ட மாதிரியே பழைய தேக்குக் கதவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு கடைகளில் வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள்.

இந்த 'பழசை' வைத்தே வீடு கட்டிக் காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்தவர். 1945-ல் இந்தியா வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் குடியேறினார். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2007-ல் காலமானார். கட்டுகிற இடத்துக்கு 5 மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருளால் கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை கடைசி வரை பிடித்துக்கொண்டவர்.

செங்கல் மிச்சம்

இவர் பரப்பியது 'எலிப்பொறி' கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி நடுவில் சந்து விடுவார்கள். செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம். சந்தில் காற்று நிற்பதால் வெயில் சட்டென்று உள்ளே இறங்காது. பெரம்பலூர் வெயிலுக்கு வேறென்ன வேணும்?

தளம் போடும்போது கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்தால் கான்கிரீட்டும் குறையும். காலி பாட்டிலைச் சுவரில் பதித்தால் கலர் வெளிச்சம். உடைந்த டைல்ஸ் தரைக்கு ஆகும்.

அப்பார்ட்மெண்ட்டில் இருப்பவர்கள் கூரையில் கை வைக்க முடியாது. பழைய கதவை மேஜையாக, தடுப்பாக மாற்றலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். அழகு என்று சொல்லி தூண், பீம், பாரம் தாங்கும் சுவரை மட்டும் உடைக்கக் கூடாது. மேல் மாடியில் இருக்கிற குடும்பத்துக்கும் சேர்த்து ஆபத்து.

உஷார்!

சுண்ணாம்பு சுவர் ஈரத்தை வெளியே விடும். ஆனால் நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துக்கூட புற்றுநோய் வரலாம். 'சும்மா கிடைக்குது' என்று வாங்கிப் போடுவதில் இதுதான் மோசம்.

மரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கலாம். நிலையை முதலில் வாங்கி, அதன் அளவுக்கு வாசல் விடச் சொன்னால் மரத்தை அறுத்து வீணாக்க வேண்டியதில்லை.