இந்த வருஷ வள்ளி யார்?

பங்குனி பிறந்துவிட்டால் மதுரைச் சுற்று வட்டாரத்தில் நாடக சீசன் களைகட்டிவிடும். கோச்சடையில் மேலக்கால் ரோட்டோரச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய ஈரம் காய்வதற்குள் யார் ஜெயிப்பார் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். 'வள்ளி திருமணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. கதைதான் எல்லோருக்கும் தெரியுமே! கண் நேரே போட்டோக்களுக்குப் போகும். நாயகனாகும் ராஜபார்ட் யார், நாயகியாகும் ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், ஆர்மோனியம் யார்? "ராஜபார்ட்டுக்கு நல்ல சாரீரந்தான். ஆனா தர்க்கத்துல இந்தப் பிள்ளைகிட்ட நிக்க முடியாது மாமா" என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

இது வெறும் ஊர்வாய் இல்லை. 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இந்த நாடகத்தின் அமைப்பே இப்படிக் கணிக்க இடம் தருகிறது. இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் என்று அந்தந்த ஊர்ச் சங்கங்களின் வழியாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி வாங்குவார்கள். ஒத்திகை இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வசனமும் வாதமும் அவரவர் சரக்கு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, பாட்டாலும் பேச்சாலும் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். முந்தைய சீசனில் யார் யாரிடம் திணறினார்கள் என்பதை ரசிகன் மறப்பதில்லை. அந்த ஞாபகத்தை வைத்துத்தான் கணிக்கிறான்.

சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பழக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். ஒரு நூற்றாண்டு கடந்தும் அவர் பாட்டு இந்தப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் ஒலிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கணிப்பு பொய்த்த கதைகளும் உண்டு. பாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இலங்கையில் ஜோடியாக நடிக்கவிருந்த கே.பி. சுந்தராம்பாளிடம், அவர் பாட்டுக்கு உன்னால் ஈடுகொடுக்க முடியாது என்று பலர் பயமுறுத்தினார்களாம். அம்மையார் ஈடுகொடுத்தது மட்டுமா, அந்த ஜோடியைத்தான் தமிழ்நாடே தேடிப்போய்க் கேட்டது.

யார் ஜெயிப்பார் என்ற இந்தப் பரபரப்பு நம் ஊரோடு நிற்பதில்லை, நியூயார்க்கிலும் உண்டு. இசை நாடகங்களுக்கு அங்கே பெரிய பரிசு டோனி விருது. 1947-இல் தொடங்கியது. ஏப்ரல் கடைசியோடு அந்த சீசனின் கணக்கு முடியும், மே தொடக்கத்தை ஒட்டிப் பரிந்துரைப் பட்டியல், ஜூனில் விழா. ஓட்டுப் போடுபவர்கள் பெரும்பாலும் நாடகத் துறைக்காரர்கள், சுமார் 800 பேர். அதனால் கணிப்பவர்கள் மேடையைப் பார்ப்பதோடு ஓட்டுப் போடுகிறவரின் மனசையும் பார்ப்பார்கள். வெளியூர்களில் அரங்கு நடத்துகிறவர்களும் வாக்காளர்களில் உண்டு. எது தங்கள் ஊரில் டிக்கெட் விற்கும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்காதா?

2004-இல் அத்தனை கணக்கும் தவறியது. பிரம்மாண்டமான 'விக்கெட்' வெல்லும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள். பொம்மைகளை வைத்து நடத்திய 'அவென்யூ க்யூ' சிறந்த இசை நாடகப் பரிசைத் தட்டிச் சென்றது. ஜெயித்த நாடகம் உடனே சுற்றுப் பயணம் போகாமல் லாஸ் வேகாஸுக்குப் போய், அங்கே ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தோற்ற 'விக்கெட்' இருபது ஆண்டுகள் கடந்தும் ஓடுகிறது. அதே ஆண்டில்தான் நம் ஏ.ஆர். ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' மூன்று பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பியது. அந்த மூன்றில் ரஹ்மானின் மெட்டுகளுக்கு இடமே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நம் கலைஞர்களுக்கு என்ன இருக்கிறது? இயல் இசை நாடக மன்றத்தின் கலைமாமணி ஒரு கலைஞரின் மொத்த உழைப்புக்கான கௌரவம். சித்திரை மாதத்து ஒரு ராத்திரியில் ஒரு பெண் வள்ளியாக நின்று அத்தனை கேள்விக்கும் பாட்டிலேயே பதில் சொன்னாளே, அந்த ராத்திரிக்கு விருது இல்லை. மேடையேறி யாராவது போர்த்தும் பொன்னாடையும், மைக்கில் பெயர் சொல்லித் தரும் அன்பளிப்பும்தான். சீசனுக்கு ஒரு விருது மதுரையில் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். ஆடி முடிந்ததும் விழாவை வைக்கலாம். முதலில் வரும் பபூன்-டான்ஸ் காட்சி முடிந்ததும் நடுவர்கள் கிளம்பிவிடக் கூடாது. வேலனும் வள்ளியும் மாலை மாற்றும்வரை உட்கார வேண்டும்.

அப்படி ஒரு விருது வந்தால் என் கணிப்பு இது. நாடகத்துக்கான பரிசை 'வள்ளி திருமணம்' வாங்கும். அதிகம் நடப்பது அதுதான், நடுவர்கள் அதிகம் பார்ப்பதும் அதுதான். 'பவளக்கொடி'க்குக் கிடைத்தால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன். அதில் அர்ச்சுனன் மனைவி அல்லியின் கோபத்தைப் பாடிக் காட்டுவது லேசுப்பட்டதல்ல. நடிப்புக்கான பரிசு ஸ்திரீபார்ட்டுக்குத்தான் போகும். ராஜபார்ட் கேள்வி கேட்டுவிட்டு மூச்சுவிடலாம். வள்ளிக்கு அந்த அவகாசம் கிடையாது.

கணிக்க முடியாதது ஆர்மோனியம். நடுச்சாமம் தாண்டிய நேரம். ராஜபார்ட் ஐந்து கட்டையில் விருத்தத்தை இழுத்து நிறுத்துகிறார். அதே இடத்தில் அந்தப் பெண் எடுத்தாக வேண்டும், ஆனால் ஆறேழு ராத்திரி தொடர்ந்து பாடித் தொண்டை கட்டியிருக்கிறது. ஆர்மோனியக்காரரின் விரல் கட்டை மேல் இருந்தாலும் கண் அவள் முகத்தில் இருக்கும். ராகத்தை மெல்லக் கோடு காட்டி, முதல் அடியைத் தானே பின்பாட்டாக எடுத்து, அவள் எச்சில் விழுங்கி நிமிரும்வரை தாங்கிப் பிடிப்பார். கூட்டம் கைதட்டுவது அவளுக்கு. இதைக் கவனிக்கிற நடுவர் ஒருவராவது இருந்தால் அந்த ஆண்டின் பரிசு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்குத்தான்.