இணை பிரியாத எலியின் மூளை

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துப் புல்வெளிகளில், 1970களில், லோவெல் கெட்ஸ் என்ற விலங்கியலாளர் பொறி வைத்து வோல்களைப் பிடித்துவந்தார். வோல் என்பது எலிக்கு உறவான, குட்டை வாலும் உருண்டை உடம்பும் கொண்ட சிறு பிராணி. அவற்றின் எண்ணிக்கை ஒரு வருடம் பெருகுவதும் இன்னொரு வருடம் சரிவதும் ஏன் என்று அறியவே அவர் போயிருந்தார். பிடித்து, அடையாளமிட்டு, விட்டுவிடுவார். பிரெய்ரி வோல் என்ற இனத்தில் மட்டும் ஒரு விசித்திரம் தென்பட்டது. அதே ஆணும் அதே பெண்ணும் திரும்பத் திரும்ப ஒரே பொறியில் சேர்ந்து அகப்பட்டன. தொடர்ந்து கவனித்ததில், இரண்டும் ஒரே வளையில் குடியிருந்து குட்டிகளை வளர்ப்பது தெரிந்தது. ஆணும் குட்டிகளை அணைத்துச் சூடு கொடுத்தது. பாலூட்டி இனங்களில் பத்தில் ஒன்றுகூட இப்படி வாழ்வதில்லை.

கெட்ஸ் பணியாற்றிய பல்கலைக்கழகத்திலேயே இருந்த சூ கார்ட்டர் இதைக் கேள்விப்பட்டு ஆய்வில் சேர்ந்துகொண்டார். புல்வெளியில் கண்டதற்கான காரணத்தை மூளைக்குள் தேடும் வேலை அங்கே தொடங்கியது.

முதல் ஆச்சரியம் மூக்கில் இருந்தது. ஆய்வகத்து எலிகளுக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை தானாகச் சினைப்பருவம் வரும். பிரெய்ரி வோல் பெண்ணுக்கு அப்படி வராது. தகப்பனோடும் உடன்பிறந்த ஆண்களோடும் இருக்கும்வரை அதன் சினைப்பை தூங்கியே கிடக்கும். அந்நிய ஆண் ஒன்றின் வாடை பட்டால்தான் விழிக்கும். ஆணின் சிறுநீரில் ஒரே ஒரு துளியைப் பெண்ணின் மேலுதட்டில் வைத்துப் பார்த்தார்கள். மோப்பத்துக்கான மூளைப் பகுதியில் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளின் அளவு மாறியது. இனப்பெருக்க ஹார்மோன்களைக் கிளப்பிவிடும் இன்னொரு பொருளின் அளவும் மாறியது. 1981இல் வெளியான முடிவு இது. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகாமல் காக்கும் ஏற்பாடு, ஒரு துளி வாடையையும் சில வேதிப்பொருள்களையும் நம்பி நிற்கிறது.

பருவத்துக்கு வந்த பெண்ணும் ஆணும் ஒரு நாளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப இணைசேரும். கருத்தரிக்க அவ்வளவு தேவையே இல்லை. மிச்சமெல்லாம் எதற்கு என்ற கேள்விதான் இந்த ஆய்வு முழுவதையும் இழுத்துச் சென்றது.

விடை தேட ஒரு எளிய சோதனையை அமைத்தார்கள். மூன்று அறை கொண்ட பெட்டி. ஒரு பக்கம் பழகிய துணை, மறுபக்கம் முன்பின் தெரியாத ஒன்று; இரண்டும் நகர முடியாமல் கட்டப்பட்டிருக்கும். சோதிக்கப்படும் வோல் மட்டும் எங்கும் போய்வரலாம். மூன்று மணி நேரத்தில் யாரோடு ஒட்டிப் படுத்திருந்தது என்று கணக்கெடுப்பார்கள். இணைசேர்ந்த பிரெய்ரி வோல் பெரும்பாலும் துணையிடமே போய்ப் படுக்கும்.

சந்தேகம் முதலில் ஆக்ஸிடோசின்மேல் விழுந்தது. நம் ஊர்ப் பிரசவ வார்டில் வலி வருவதற்காக டிரிப்பில் ஏற்றுவதும், கன்று முட்டியதும் பசுவைப் பால் இறக்கவைப்பதும் இதுவே. ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த மிகச் சிறிய மூலக்கூறு. 1953இல் இதை ஆய்வகத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இதிலிருந்து இரண்டே அமினோ அமிலங்களில் வேறுபடும் உறவு, வாசோபிரஸின். சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோனாக அறியப்பட்டது. இணைசேர்க்கையின்போது இவை மூளைக்குள் சுரக்கின்றன. பெண் வோலின் மூளையில் ஆக்ஸிடோசினைச் செலுத்தினால், இணைசேராமலேயே அருகிலிருக்கும் ஆணைத் துணையாக ஏற்றது. ஆணிடம் வாசோபிரஸின் அதே வேலையைச் செய்தது. அவற்றைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், இணைசேர்ந்த பிறகும் பிணைப்பு உண்டாகவில்லை. 1993, 1994ஆம் ஆண்டுகளில் வந்த இந்த முடிவுகள்தான் ‘காதல் ஹார்மோன்’ என்ற பேச்சுக்குப் பெரிதும் வழிவிட்டன.

அந்தப் பெயரை நான் ஏற்கவில்லை. மலை வோல் என்று ஓர் இனம் உண்டு. பார்வைக்குக் கிட்டத்தட்ட பிரெய்ரி வோல்தான். அதற்கும் ஆக்ஸிடோசின் சுரக்கிறது, வாசோபிரஸின் சுரக்கிறது. ஆனால் இணைசேர்ந்ததும் ஆண் தன் வழியே போய்விடும். 1992இல் தாமஸ் இன்செல் குழுவினர் இரண்டு மூளைகளையும் ஒப்பிட்டபோது, வேறுபாடு ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அமைந்த இடத்தில் இருப்பதைக் கண்டார்கள். வானொலி நிலையம் ஒன்றாக இருந்தாலும் பெட்டி உள்ள வீட்டில்தான் பாட்டு கேட்கும் என்பதுபோல, ஹார்மோன் எங்கே வேலை செய்யும் என்பதை ஏற்பிகளே தீர்மானிக்கின்றன. பிரெய்ரி வோலில் அவை இன்பத்தையும் வெகுமதியையும் உணரும் பகுதிகளில் அடர்ந்திருந்தன. மலை வோலில் அங்கே சொற்பம். ஆகவே பிரெய்ரி வோலுக்கு இணைசேரும் இன்பமும் அந்தத் துணையின் வாடையும் ஒன்றாகப் பதிகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் லாரி யங் குழுவினர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். பல பெண்களோடு சேரும் மெடோ வோல் ஆண்களின் மூளையில், வாசோபிரஸின் ஏற்பிக்கான மரபணுவை ஒரு வைரஸ் வழியாகக் குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் புகுத்தினார்கள். அந்த ஆண்கள் துணையிடம் ஒட்டிப் படுக்கத் தொடங்கின. 2004இல் வந்த இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. கூடவே நினைவில் வைக்க வேண்டிய ஒன்றும் உண்டு. மரபணுச் சோதனையில், பிரெய்ரி வோல் இணையின் வளையில் வளரும் குட்டிகளில் சில வேறு தகப்பனுடையவை என்று தெரிந்திருக்கிறது. சேர்ந்து வாழ்வது ஒன்று, வேறு துணையை நாடாமல் இருப்பது வேறொன்று. இந்தப் பிராணியைக் கற்புக்கு உதாரணம் காட்டுவது அதற்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை.

மூளையின் வெகுமதிப் பகுதிகளில் வேலை செய்யும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் பங்கு இன்னும் நுட்பமானது. அதற்கும் பல வகை ஏற்பிகள் உண்டு. டி2 வகை தூண்டப்பட்டால் பிணைப்பு உருவாகிறது. டி1 வகை அதைத் தடுக்கிறது. புளோரிடாவில் சுவோசின் வாங் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, துணையோடு வாழத் தொடங்கிய ஆணின் மூளையில் டி1 ஏற்பிகள் பெருகுகின்றன. அதன்பின் புதிய பெண் அருகே வந்தால் அது கடித்து விரட்டும். ஒரே வேதிப்பொருள், முதலில் சேர்க்கிறது. பிறகு இன்னொருவரை உள்ளே விடாமல் காக்கிறது. பிரிவுக்கும் வேதியியல் உண்டு. துணையிடமிருந்து பிரிக்கப்பட்ட ஆணைத் தண்ணீரில் விட்டால் நீந்தப் போராடாமல் மிதந்து கிடக்கும். மன அழுத்தத்தில் சுரக்கும் ஒரு பொருளின் ஏற்பிகளை மருந்தால் அடைத்தால், அந்தச் சோர்வு விலகியது.

2023இல் கலிஃபோர்னியாவில் தேவானந்த் மனோலி, நிராவ் ஷா ஆகியோரின் குழுக்கள் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை உருவாக்கின. பிணைப்பு இருக்காது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவை வழக்கம்போல இணைந்து வாழ்ந்தன. பெண்கள் ஈன்றன, பாலும் கொடுத்தன. 1996இல் ஆக்ஸிடோசின் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது தாய்களால் பாலை இறக்கவே முடியவில்லை, குட்டிகள் இறந்தன. அதை நினைத்தால் இந்த முடிவின் வியப்பு இன்னும் கூடுகிறது.

வளர்ந்த மூளையில் ஆக்ஸிடோசினை மருந்தால் திடீரென்று அடைப்பது வேறு, கருவிலிருந்தே அது இல்லாமல் ஒரு மூளை வளர்வது வேறு என்பது ஒரு விளக்கம். அப்படி வளர்ந்த மூளை மற்ற வேதிப்பொருள்களைக் கொண்டு அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் இழப்பே இல்லாமல் போகவில்லை. ஏற்பி இல்லாத தாய்களிடம் பால்குடி மறக்கும்வரை பிழைத்த குட்டிகள் குறைவு, பிழைத்தவற்றின் எடையும் குறைவு.