தோட்டத்துக்காரர் கையால் ஒரு பாட்டில்

டீ சூடாக இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு ஒயின் கிடைக்கும்போது, ஐம்பது மைல் கார் ஓட்டிப் போய்த் தோட்டத்திலேயே வாங்குவானேன் என்று கேட்டீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்நாட்டில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது, மது விற்பனையை நெறிப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கைக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் போட்ட வழி இது: தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், அவர் கடைக்கு, கடைக்காரர் நமக்கு. பெரிய கம்பெனிகளுக்கு இது பாதகமில்லை. குடும்பமாகச் சில ஏக்கரில் திராட்சைக் கொடி வளர்ப்பவரை எந்த மொத்த வியாபாரி தேடி வருவார்? வந்தாலும் அவர் பங்கு போக மிஞ்சுவது சொற்பம். அதனால்தான், விதிவிலக்காகத் தோட்டத்திலேயே ருசி பார்த்து வாங்க விடும் டேஸ்டிங் ரூம் அவர்களுக்கு உயிர்நாடி.

வர்ஜீனியாவில் ஜுவானிடா ஸ்வீடன்பர்க் என்றொரு அம்மையார் அப்படித்தான் ஒயின் செய்து விற்றார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ருசி பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பார்கள். சட்டம் இடம் தராததால் மறுக்க வேண்டியிருந்தது. உதாரணமாக, அப்போது நியூயார்க்கில் உள்ளூர் ஒயின் ஆலைகள் வீடுகளுக்கு நேரே அனுப்ப முடிந்தது. வெளிமாநிலத்தார் என்றால் அங்கே கிளை வைத்தாக வேண்டியிருந்தது. அதை எதிர்த்து அம்மையார் வழக்குப் போட்டார். 2005இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், உள்ளூருக்கு ஒரு நியாயம் வெளியூருக்கு ஒரு நியாயம் கூடாது என்று தீர்ப்பளித்தது. இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பணம் கட்டும் முன் உங்கள் முகவரிக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

டேஸ்டிங் ரூமுக்குள் போனால் நான்கைந்து ரகம், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு அளவு ஊற்றுவார்கள். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, இனிப்பு கடைசியில். கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளம் சிவப்பு ஒயினில் நாவல்பழக் கறை போல ஊதா ஓடும். வயதானதில் செங்கல் நிறம் தட்டும். பிறகு லேசாகச் சுழற்றி மோந்து, வாயில் கொஞ்சம் வைத்திருங்கள்.

மேஜைமேல் ஒரு குவளை இருக்கும், துப்புவதற்கு. கூச்சப்பட வேண்டாம். நம் குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவர்களும் கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிடத்தானே செய்கிறார்கள்? கார் ஓட்டுகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும். வாங்கியதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் ஒயின் கெட்டுவிடும்.

ருசி பார்க்க வாங்கும் கட்டணத்தை, பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் அதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஊற்றிக் கொடுப்பவரிடம், “கடைக்குப் போகாத ஒயின் எது?” என்று கேளுங்கள். கொஞ்சமாகவே செய்து, அந்த வாசலிலேயே விற்றுத் தீரும் ரகம் ஒன்று அநேகமாக இருக்கும். நாக்குக்குப் பிடித்தால் அதை வாங்குங்கள். ஐம்பது மைல் வந்தது அதற்குத்தான்.