தேன் குடித்தால் குரல் இனிக்குமா?

தொண்டையின் நடுவில் இரண்டு விரல்களை மெல்ல வைத்து எச்சிலை விழுங்குங்கள். உள்ளே கெட்டியான ஒன்று மேலே ஏறி இறங்குகிறதா? அதுதான் குரல்வளை. இப்போது 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அந்த இடம் அதிரும். குரல்வளைக்குள் குரல் நாண்கள் என்ற இரண்டு சிறு மடிப்புகள் இருக்கின்றன. ஊதிய பலூனின் வாயை இழுத்துப் பிடித்தால் கீச்சிடுகிறதே, அதுபோல நுரையீரல் காற்று இடையே புகுந்து வரும்போது இவை அதிர்ந்து ஒலி பிறக்கிறது. பேசும்போது பெரிய ஆண்களுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேலும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 தடவையும் அதிரும். குழந்தைகளான உங்கள் நாண்கள் குட்டையானவை, அதனால் வேகம் இன்னும் அதிகம்.

பாட்டுப் போட்டி வந்தால் வீட்டில் தேனும் பனங்கற்கண்டும் மிளகும் தயாராகிவிடும். குரல் இனிமையாகும் என்ற நம்பிக்கை. ஆனால் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறியதைத் தொட்டுப் பார்த்தீர்கள் அல்லவா? அந்த நேரத்தில் காற்றுப் பாதை மூடிக்கொள்கிறது. சரியாக மூடாவிட்டால் புரை ஏறும். ஆகவே நாம் விழுங்கும் தேன் குரல் நாண்களைத் தொடுவதில்லை. பின்னாலுள்ள உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போய்விடுகிறது. தேன் இருமலுக்கு இதம் தரும், அவ்வளவுதான். தண்ணீர் உண்மையிலேயே உதவும். ஆனால் மேடையேறும்போது குடிக்கும் ஒரு மடக்கு போதாது. நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீர்தான் உடம்பில் கலந்து நாண்களின் ஈரத்தைக் காக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கழுதைப்பால் புகட்டினால் குரல்வளம் வரும் என்பதும் பொய். காய்ச்சாத பாலில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். பச்சிளம் குழந்தைக்கு அது ஆபத்து.

இந்த நாண்களைப் பார்க்க ஆசைப்பட்டவர் மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு ஆசிரியர். 1854-இல் பல் மருத்துவர்களின் நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்தார். இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பினார். தன் குரல் நாண்கள் திறந்து மூடுவதைக் கண்ணால் கண்டார்! அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அமைப்பில் அதைப் பற்றிய அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. தொண்டை மருத்துவத்துக்கே அது வழிகாட்டியது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொரு நம்பிக்கை. "உனக்குப் பாட்டு வராது, குரலே இல்லை" என்று குழந்தைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். சுருதி விலகிப் பாடுபவர்களில் பெரும்பாலோருக்கு நாண்களில் குறையே கிடையாது. காது ஒரு சுரத்தைக் கேட்க வேண்டும். நாண்களை எவ்வளவு இழுப்பது என்று மூளை தசைகளுக்குச் சொல்ல வேண்டும். வந்த ஒலியைக் காது மறுபடி கேட்டுத் திருத்த வேண்டும். இது பழகப் பழக வரும் திறமை. சுர வேறுபாடே புரியாத பிறவிக் குறை நூற்றில் ஓரிருவருக்குத்தான் இருக்கும். பாட்டு வகுப்பில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியைச் சுருதிப் பெட்டியோடு மெதுவாகப் பாடச் சொல்வது காதையும் நாண்களையும் இப்படிப் பழக்கத்தான். ஒரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு 'ஸா' பிடித்துப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே தெளிவாகக் கேட்கும், சுருதி விலகினால் உடனே தெரியும்.

கத்திப் பாடினால் குரல் உரமேறும் என்பதும் தவறு. கத்தும்போது நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதி வீங்கும். நாள்தோறும் கத்தினால் அவற்றில் காய்ப்பு போன்ற சிறு முடிச்சுகள்கூட வரலாம். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசுவதும் பலருக்கு நாண்களைச் சிரமப்படுத்தும். பேசாமல் இருப்பதே ஓய்வு.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். நாண்கள் வேகமாக நீள்வதால் அப்படி ஆகிறது, அது நோயல்ல. எட்டாத உச்ச சுரங்களை விட்டுவிட்டு, வசதியான சுருதியில் பாடுங்கள். ஆனால் எந்த வயதிலும் குரல் கம்மி மூன்று வாரமாகியும் சரியாகவில்லை என்றால், கற்கண்டோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லி அப்பா அம்மாவைக் கேளுங்கள்.