லயத்து உபதேசியார்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற ஏ9 வீதியில் நாலந்தாவில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கெடிகேயைப் பார்க்கத்தான் இறங்குகிறார்கள். பல்லவர் பாணியில் அமைந்த அந்தக் கற்கட்டடம், மகாவலித் திட்டக் காலத்தில் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு மேட்டில் மறுபடி எழுப்பப்பட்டது. நல்ல காரியம். அந்த வீதியில் நடந்த மனிதர்களின் வரலாற்றுக்கு அத்தனை கவனம் கிடைக்கவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுவழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களைக் கங்காணியும் துரையும் தோட்டங்களுக்குப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களைத் தேடி லயங்களுக்குப் போன இன்னொருவரும் உண்டு: உபதேசியார்.

1692இல் யோசேப் வாஸ் அடிகளோடு கண்டியில் சிறைப்பட்ட வேலையாள் ஜானைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். வாஸ் 2015இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். ஜானோ அந்த வரலாற்றின் ஓரத்தில் ஒரு பெயர். ஆனாலும் பெயராவது மிஞ்சியது. தோட்டத்து உபதேசியார்களில் பலருக்கு அதுவும் இல்லை. கண்டிச் சீமையின் தோட்டங்களுக்கென்று 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அதற்குப் பணம் தந்தவர்களில் கிறிஸ்தவத் துரைமார் இருந்தார்கள். மேற்பார்க்க வந்த செப்டிமஸ் ஹாப்ஸ் திருநெல்வேலியில் ஊழியம் செய்தவர். உபதேசியார்களும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே வரவழைக்கப்பட்டார்கள். மிஷன் வரலாறு பொதுவாக ஹாப்ஸைத் தலைவராகவும் இவர்களைத் துணையாளர்களாகவும் காட்டும். வேலையை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். மலைக்கு மலை சிதறிக் கிடந்த தோட்டங்களில் ஒரே ஒரு வெள்ளைக்காரப் போதகரால் எத்தனை லயத்தில் உட்கார்ந்து பேசமுடியும்? பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனால் திரும்புவது மாலையில்தான். அந்த நேரத்தில் அங்கே இருக்கவேண்டும். ஊர்ப் பேச்சு தெரியவேண்டும், யார் யாருக்கு என்ன முறை என்று தெரியவேண்டும், நோயாளியின் பக்கத்தில் உட்காரவேண்டும். இவற்றையெல்லாம் செய்தவரைத் துணையாளர் என்று குறித்தது சம்பளப் பட்டியல்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தாழ்மையை அழைப்பு என்று போற்றுவது யாருக்கு வசதி? உபதேசியாரின் சம்பளத்துக்குத் துரை பணம் தருகிறார். அந்த உபதேசியார் தொழிலாளிக்குப் பணிவைப் போதிக்கிறார். அவருக்கே பணிவைப் போதிக்க மேலே ஒரு போதகர் இருக்கிறார். பணிவு இப்படி மேலிருந்து கீழே மட்டுமே வடிந்தால் அதை ஆன்மிகம் என்று ஏற்கமுடியாது, அது தோட்ட நிர்வாகத்தின் ஒரு பகுதி. உபதேசியாரே லயத்தில் ஒரு சின்னத் துரையாகிவிடும் ஆபத்தும் இருந்தது. இந்த மறுப்பை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அழைப்பைப் பொய்யாக்கவில்லை. சுவிசேஷத்தில் கால் கழுவியவர் குரு, கழுவப்பட்டவர்கள் சீஷர்கள். அந்தக் கட்டளையின் முதல் பாரம் மேலே இருப்பவரின் தோளில்தான் விழுகிறது. கீழே இருப்பவரிடம் அதைக் கேட்டு வாங்க மேலே இருப்பவருக்கு உரிமை கிடையாது. தானாக ஏற்றால் ஊழியம், சுமத்தினால் வெறும் வேலை.

துணைப்பணிக்கும் தலைமைக்கும் நடுவே மதில் எழுப்பியது வேதாகமம் இல்லை என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரமே போதும். அப்போஸ்தலர் போதனையில் தரித்திருக்க, பந்தி விசாரிக்க ஏழு பேர் நியமிக்கப்படுகிறார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான், அந்தப் புத்தகத்திலேயே மிக நீண்ட பிரசங்கத்தைச் செய்து கல்லெறியுண்டு சாகிறார். இன்னொருவரான பிலிப்பு சமாரியாவில் பிரசங்கிக்கிறார். பந்தியிலிருந்து பிரசங்கத்துக்குப் போகக் கதவு திறந்தே இருந்தது. மிஷன்களில் அது தாழிட்டிருந்தது. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706இல் தொடங்கியது. உபதேசியாராயிருந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733இல். முதல் தமிழ்க் குருவுக்கு 27 ஆண்டுகள் ஆயின!

இன்னொரு மறுப்பு இதற்கு நேரெதிரானது. உண்மையான தாழ்மை பெயரைத் தேடாது, அதனால் அவர்களுடைய பெயர்கள் மறைந்ததில் என்ன குறை என்பார்கள். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைத் தேடாதது உபதேசியாரின் குணம், அதை எழுதி வைக்காதது சபையின் அலட்சியம். முன்னதைச் சொல்லிப் பின்னதை மூடக்கூடாது. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் பெபேயாளில் தொடங்கி ஒவ்வொருவராகப் பெயர் சொல்கிறார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியுவும் நடுவில் தன் பெயரில் ஒரு வாழ்த்தைச் சேர்த்துவிடுகிறார். (அவரை யாரும் கண்டித்ததாகத் தெரியவில்லை.)

இந்த வழக்கை உலகச் சபைக்கு முன் வைத்தவரும் திருநெல்வேலிக்காரர்தான். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா மேலைநாட்டு மிஷனரிகளின் தியாகத்தைப் பாராட்டிவிட்டு, இந்திய ஊழியருக்கு அவர்களிடமிருந்து தேவைப்படுவது நட்பு என்றார். அவையில் பலருக்கு அது கசந்தது. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அதற்கு முன்பே, 1903இல், வெளிநாட்டுப் பணத்தை நம்பாத இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த எண்ணத்தை அவருக்குள் கிளப்பியது 1902இல் அவர் யாழ்ப்பாணத்தில் கண்ட ஒரு காட்சி: அங்கேயிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசில் தென்னிந்தியாவுக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த யாழ்ப்பாணத்தாரைப் பற்றி அடுத்த வாரம்.